சாத்தியமா என்று கேட்காத புத்தகம்

கல்லூரியில் அவருக்கு அம்புக்குறி என்று பெயர். யார் வைத்தது என்று தெரியாது. இருபத்திரண்டு வருடமாக ஒரு வருட மாணவர்கள் அடுத்த வருட மாணவர்களிடம் சொல்லிவிட்டுப் போகிறார்கள். அவர் எடுத்த பாடம் அப்படி. நேர அட்டவணையில் சிஸ்டம்ஸ் அனாலிசிஸ் அண்ட் டிசைன் என்று இருக்கும். ஓர் அலுவலகத்தில் வேலை இப்போது எப்படி நடக்கிறது, யார் யாரிடம் எந்தத் தாளைக் கொடுக்கிறார்கள், எங்கே தேங்குகிறது என்று முதலில் பார்க்க வேண்டும். பிறகு அதைக் கம்ப்யூட்டரை வைத்து எப்படி நடத்தலாம் என்று படம் போட வேண்டும். கட்டம், வட்டம், இரண்டுக்கும் நடுவே அம்பு. ஒரு மணி நேர வகுப்பில் நாற்பது அம்பு போடுவார். மளிகைக் கடைக்கு எழுதிக் கொடுக்கிற சீட்டிலும் அம்பு இருக்கும் என்று பையன்கள் கேலி பேசுவார்கள். இருந்தது உண்மைதான்.

அவர் மனைவி துணி வெட்டுகிறவர். முப்பது பேர் தைக்கிற கூடத்தில் வெட்டும் மேசைக்கு அவர் ஒருத்திதான். பள்ளிச் சீருடை, ஆஸ்பத்திரிச் சீருடை, ஹோட்டல் சிப்பந்திகளின் சீருடை எல்லாம் அவர் கை பட்ட பிறகுதான் மிஷினுக்குப் போகும். கணவர் ஒரு சட்டைக்கு நான்கு படம் போடுவார், நான் நேரே கத்திரியை எடுப்பேன் என்று அவர் கூடத்தில் சொல்லிச் சிரிப்பதுண்டு. ஒரு செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு, வெட்டிக்கொண்டிருந்த துணியின் மேலேயே சரிந்து விழுந்தார். பக்கவாதம். வலது கையும் வலது காலும் போயின. பேச்சு பாதி திரும்பியது. ஒரு வாக்கியத்துக்கு மூன்று தடவை மூச்சு வாங்க வேண்டும். ஐந்து வாரம் கழித்து வீட்டுக்குக் கொண்டு வந்தபோது சக்கர நாற்காலி படுக்கையறை வாசலில் நுழையவில்லை. அதனால் முன்னறையிலேயே கட்டிலைப் போட்டார்கள். வருகிறவர் போகிறவர் எல்லாருக்கும் முன்னால் ஒரு பெண்பிள்ளை படுத்துக் கிடக்க வேண்டியதாயிற்று. அதற்கு ஒரு திரை தைத்துப் போடவேண்டும் என்று யாருக்கும் தோன்ற இரண்டு மாதம் ஆனது.

காலை எட்டிலிருந்து மாலை ஆறு வரை ஒரு பெண் வந்து பார்த்துக்கொண்டாள். நோயாளிப் பராமரிப்பில் சான்றிதழ் படிப்பு முடித்தவள். நர்ஸ் இல்லை, ஆனாலும் எல்லாரும் சிஸ்டர் என்றே கூப்பிட்டார்கள். குளிப்பாட்டுவது, உணவை மசித்து ஊட்டுவது, கை காலை மடக்கி நீட்டுவது, துணி மாற்றுவது, உட்கார வைப்பது எல்லாம் அவள் பொறுப்பு. மாலை ஆறிலிருந்து காலை எட்டு வரை பதினான்கு மணி நேரம் அம்புக்குறி ஒருவர்தான். அவருக்கு வயது ஐம்பத்தேழு. முதுகுத் தண்டில் ஒரு தட்டு விலகியிருந்தது.

இப்படி எட்டு மாதம் ஓடிய பிறகு மகள் வந்தாள். எட்டு மணி நேர ரயில் தூரத்தில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு வேலை. இரண்டு நாள் இருந்தாள். முதல் நாள் பார்த்துக்கொண்டே இருந்தாள். இரண்டாம் நாள் அப்பாவைச் சமையலறைக்குக் கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்திப் பேசினாள். நகரத்தின் மறுகோடியில் ஒரு பராமரிப்பு இல்லம் இருக்கிறது, இரவும் பகலும் ஆள் உண்டு, ஒரு கட்டில் காலியாக இருக்கிறது, மாதக் கடைசி வரை நமக்காக வைத்திருப்பார்கள். பணம் பிரச்சினை இல்லை. அம்மாவின் சேமநிதியே போதும்.

அம்புக்குறி உடனே முடியாது என்று சொல்லவில்லை. ஆய்வு செய்துவிட்டுச் சொல்கிறேன் என்றார்.

"அம்மாவைப் பத்தி என்னப்பா ஆய்வு?"

"வீட்டுலயே வச்சுப் பார்த்துக்க முடியுமா, முடியாதான்னு ஒரு முறையா பார்க்கணும். மனசுக்குத் தோணுறதை எல்லாம் முடிவுன்னு சொல்ல முடியாது."

அனுப்ப மனமில்லை என்பதுதான் விஷயம். முப்பத்தோரு வருடத்தில் அந்த வீட்டில் அவர் ஓர் இரவு தனியாகப் படுத்ததில்லை. மனைவி ஆஸ்பத்திரியில் இருந்த ஐந்து வாரமும் அங்கேயே படுத்துக்கொண்டார். அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. தனக்குத்தானே சொல்லிக்கொண்டாரா என்பதும் சந்தேகம். மகள் ரயிலேறினாள். மாதக் கடைசிக்கு இருபத்துநான்கு நாள் இருந்தது.

அதே மாதத்தில்தான் கல்லூரியில் பாடப்புத்தகப் பிரச்சினையும் வந்தது. அவர் இத்தனை காலம் நடத்திய புத்தகம் அச்சில் இல்லை. பாடத்திட்டமும் மாறியிருந்தது. மூன்று பதிப்பகங்கள் மாதிரிப் பிரதி அனுப்பியிருந்தன. அதில் ஒன்றை மாதக் கடைசிக்குள் தேர்ந்தெடுக்க வேண்டும். தேர்ந்தெடுத்தால் மூன்று வருடத்துக்கு அதுதான். ஒரே பாடத்திட்டத்தில் இருக்கிற ஆறு கல்லூரிகளுக்கும் அதிலிருந்தே கேள்வித்தாள் எடுப்பார்கள். துறைத்தலைவர் அவரைவிடப் பத்து வயது சிறிய பெண்மணி. மூன்று புத்தகத்தையும் ஒரு மதிப்பீட்டுப் படிவத்தையும் அவர் மேசையில் வைத்து, நீங்கள் எதைச் சொல்கிறீர்களோ அதுதான் என்று சொல்லிவிட்டுப் போனார்.

புத்தகத்தை எடைபோட அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. முன்னுரையை நம்பமாட்டார், அட்டையை நம்பமாட்டார். கண்முன்னே நடக்கிற ஒரு வேலையை எடுத்துக்கொண்டு, புத்தகம் சொல்கிறபடி அதன்மேல் ஒரு தடவை செய்து பார்ப்பார். சரிவந்தால் புத்தகம் நல்லது. இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் அப்படிக் கல்லூரி நூலகத்தை எடுத்துக்கொண்டார். அம்புக்குறி அம்பு போட்டு முடிக்கும்வரை மூன்று நாள் ஒருத்தரும் ஒரு புத்தகம் வாங்க முடியவில்லை என்று நூலகர் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார். இந்தத் தடவை அவர் எடுத்துக்கொண்டது தன் வீட்டு முன்னறையை. ஒரே வேலையில் இரண்டு முடிவும் வந்துவிடும் என்று கணக்குப் போட்டார்.

முதல் புத்தகம் சிவப்பு அட்டை, தூக்கினால் கை வலிக்கும் கனம். இரண்டாவது அத்தியாயமே சாத்தியக்கூறு ஆய்வு. எந்த வேலையையும் தொடங்குமுன் மூன்று கேள்வி கேட்கச் சொன்னது. கருவி உண்டா? பணம் உண்டா? செய்ய ஆள் உண்டா? ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு மதிப்பெண் போட வேண்டும். மூன்றில் எது ஒன்று நான்குக்குக் கீழே போனாலும் வேலையைத் தொடங்காதே என்று கட்டம் கட்டி அச்சடித்திருந்தார்கள். அம்புக்குறி சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து நேர்மையாகவே போட்டார். கருவிக்கு ஏழு. பணத்துக்கு எட்டு. ஆள் என்ற இடத்தில் பேனாவை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். இரண்டு போட்டார். அடித்துவிட்டு மூன்று போட்டார். மூன்று என்றாலும் நான்குக்குக் கீழேதான்.

அவர் புத்தகத்தை மூடிவிட்டுப் படிவத்தை எடுத்தார். "கணக்குகள் அதிகம். மாணவருக்குச் சுமை" என்று எழுதினார்.

இரண்டாவது புத்தகம் நீலம். அதில் மதிப்பெண் கிடையாது. இப்போது என்ன நடக்கிறது என்பதை ஒரு முழு நாள் பார்த்து எழுது, யாரையும் கேட்டு எழுதாதே, கேட்டால் நடக்க வேண்டியதைச் சொல்வார்கள், நடப்பதைச் சொல்லமாட்டார்கள் என்றது. அவர் ஒரு வெள்ளிக்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு முன்னறை மூலையில் நாற்காலி போட்டு நோட்டோடு உட்கார்ந்தார். சிஸ்டருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பரீட்சைக்கு மேற்பார்வை பார்க்கிற மாதிரி இருக்கிறது, பிட் அடித்தால் பிடித்துவிடுவீர்களா என்று கேட்டாள். மாலை ஆறுக்குள் அவள் நாற்பத்தொரு வேலை செய்திருந்தாள். அதில் ஐந்து தடவை நோயாளியைப் பக்கம் மாற்றிப் படுக்கவைத்தது. ஆறு மணிக்கு மேல் தன் வேலையைத் தானே குறிக்க வேண்டும். எழுந்தபோதெல்லாம் நோட்டில் நேரம் எழுதினார். மறுநாள் காலையில் பார்த்தால் பதினான்கு மணி நேரத்தில் பக்கம் மாற்றியது இரண்டே தடவை. ஏழு தடவை மாற்றியிருக்க வேண்டும். தினமும் நான்கைந்து தடவையாவது எழுந்திருக்கிறோம் என்று அவர் நிஜமாகவே நம்பிக்கொண்டிருந்தார்.

படுத்த உடம்புக்குக் கெடு இரண்டு மணி நேரம். அதற்குமேல் ஒரே எலும்பின்மேல் பாரம் நின்றால், தோலுக்கும் எலும்புக்கும் நடுவே இரத்தம் ஓடாது. ஓடாத இடம் அழுகும். பாசம் எவ்வளவு இருந்தாலும் சதைக்கு அது தெரியாது. இது அவருக்கும் தெரியும், ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போதே சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

நீலப் புத்தகத்துக்கு நேரே "நடை கடினம்" என்று எழுதினார்.

மூன்றாவது புத்தகம் மெல்லியது, வழவழப்பான தாள், பக்கத்துக்குப் பக்கம் வண்ணப்படம். அதன் போக்கே வேறு. உட்கார்ந்து யோசித்துக்கொண்டே இருக்காதே, தொடங்கிவிடு, போகப்போகத் திருத்திக்கொள்ளலாம் என்றது. வேலையை இரண்டு இரண்டு வாரச் சுற்றாகப் பிரிக்க வேண்டும். ஒரு சுற்றில் நிச்சயம் முடிகிற சின்ன வேலைகளை மட்டும் எடுக்க வேண்டும். பெரிய வேலையைத் துண்டாக்கிப் பின்னால் வைக்க வேண்டும். சுற்று நடக்கும்போது புதிதாக எது வந்தாலும் உள்ளே விடாதே, எழுதி வை, அடுத்த சுற்றில் எடு. முதல் இரண்டு புத்தகம் அவ்வளவு மெனக்கெட்ட சாத்தியமா என்ற கேள்வி இதில் அரைப் பக்கம்தான். அதிலும் பாதி படம்.

அம்புக்குறிக்குப் பல நாளாகக் காணாத பசி எடுத்தது. அன்று இரண்டு தட்டு சாப்பிட்டார். படிவத்தில் "எளிமை, தற்காலம், நடைமுறைக்கு உகந்தது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

புத்தகத் தேர்வுக் குழுக் கூட்டம் பத்து நிமிடத்தில் முடிந்தது. புதிதாகச் சேர்ந்திருந்த விரிவுரையாளர் ஒருத்தி மட்டும் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, சாத்தியக்கூறு அத்தியாயம் இல்லையே சார் என்று கேட்டாள். அதில் எப்போதும் ஐந்து மார்க் கேள்வி ஒன்றுதான் வரும், பாதிப் பேர் அதை விட்டுவிடுவார்கள் என்றார் அவர். அதுவும் உண்மைதான். சார் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று துறைத்தலைவர் முத்திரை குத்தினார். அன்று சாயந்திரமே அம்புக்குறி மகளுக்குப் போன் செய்து அம்மா இங்கேயே இருக்கட்டும் என்றார். சரிப்பா, உங்கள் இஷ்டம் என்றாள் அவள். மறுநாள் அந்தக் கட்டிலுக்கு வேறொருவர் வந்துவிட்டார்.

அந்த வார இறுதியில் முன்னறையில் கட்டிலுக்கு எதிரே ஒரு வெள்ளை போர்டு ஏறியது. மூன்று பத்தி. செய்ய வேண்டியவை, நடப்பவை, முடிந்தவை. முதல் சுற்றில் நான்கு வேலை எடுத்து, ஒவ்வொன்றையும் ஒரு சீட்டில் எழுதி ஒட்டினார். மாத்திரை டப்பாவுக்கு வேளைவாரியாகச் சீட்டு ஒட்டுவது. இடது கைக்கு எட்டும்படி அழைப்பு மணி வைப்பது. துணிகளுக்கு அலமாரி அடிப்பது. கட்டில் கால்களுக்கு மரக்கட்டை வைத்து உயர்த்துவது. இரவில் பக்கம் மாற்றுவது பெரிய வேலை. அதைத் துண்டாக்கிப் பின்னால் எடுத்துக்கொள்ளலாம் என்று தள்ளி வைத்தார்.

அவர் எழுதுவதை மனைவி படுத்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். வாய் கோணி, இடப்பக்கம் மட்டும் சிரித்தது.

"நான்... எந்தப் பத்தி?" என்று கேட்டார்.

"நீ எதுக்கு? வேலையைத்தான் எழுதுறது."

"அப்ப... முடிந்தவைல... போட்டுராதீங்க."

இருவரும் சிரித்தார்கள். எட்டு மாதத்தில் அந்த வீட்டில் கேட்ட நல்ல சிரிப்பு அதுதான்.

முதல் மூன்று நாளில் மாத்திரை டப்பாவும் மணியும் முடிந்தன. முடிந்த சீட்டை நடு பத்தியிலிருந்து கடைசிப் பத்திக்கு நகர்த்தி ஒட்டும்போது அவருக்கு முதுகுவலிகூடக் குறைந்த மாதிரி இருந்தது. நான்காம் நாள் காலை கல்லூரிக்குக் கிளம்பி நின்றவரை சிஸ்டர் திரைக்குள்ளிருந்து கூப்பிட்டாள். நோயாளியை ஒருக்களித்துப் படுக்கவைத்திருந்தாள். முதுகெலும்பு முடிகிற இடத்தில், உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்பு.

"இங்க பாருங்க சார், அழுத்துறேன். விரலை எடுத்தா வெளுத்துட்டுத்தான் திரும்பச் சிவக்கணும். இது வெளுக்கவே இல்ல."

"அப்படின்னா?"

"உள்ள கெட ஆரம்பிச்சாச்சு. காத்து மெத்தை வாங்குங்க. ராத்திரி மல்லாக்கப் படுக்கவே விடாதீங்க, ரெண்டு மணிக்கு ஒரு தடவை திருப்புங்க. உங்களால முடியலன்னா ராத்திரிக்கு ஒரு ஆளைப் போடுங்க. வெக்கப்படாதீங்க, யாராலயும் தனியா முடியாது."

அவர் கவனமாகக் கேட்டார். போர்டுக்குப் போய், அடுத்த சுற்று என்று தலைப்பிட்டு அதன்கீழே தேதியோடு எழுதினார். காற்று மெத்தை. இரவு ஆள், விசாரிக்க. சிவப்பு, கீழ் முதுகு. அதன் பக்கத்தில் முன்னுரிமை நடுத்தரம் என்று போட்டார். கட்டில் உயர்த்துவதும் அலமாரியும் இன்னும் பாக்கி இருந்தன.

சிஸ்டர் கையைத் துடைத்தபடி வந்து பார்த்தாள்.

"புண்ணுக்கே அப்பாயின்ட்மென்ட் குடுத்திருக்கீங்களா சார்?"

நடுவில் ஒன்றை உள்ளே விட்டால் எல்லாம் குழம்பிவிடும், எட்டு மாதமாக அப்படிக் குழம்பித்தான் இந்த நிலைமை, இன்னும் பத்து நாள்தானே என்று அவர் விளக்கினார். கோபமில்லாமல், வகுப்பில் சொல்கிற மாதிரி சொன்னார். "அதுக்கு உங்க போர்டு படிக்கத் தெரியாது சார்" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள். பகலில் தன்னால் ஆனதைச் செய்தாள். அந்த இடம் படாமல் தலையணை அண்டக் கொடுத்துத் திருப்பித் திருப்பிப் போட்டாள். இரவு அவள் கையில் இல்லை.

அவர் கல்நெஞ்சக்காரர் இல்லை. இரண்டு நாள் அலாரம் வைத்து எழுந்து திருப்பினார். மூன்றாம் நாள் காலையில் இடுப்பு பிடித்துக்கொண்டு, படுக்கையைவிட்டு எழவே சுவரைப் பிடிக்க வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து பழையபடி இரண்டு தடவைதான், சில நாள் ஒன்றுதான். எரியுது என்று மனைவி சொன்னார். அவர் பவுடர் போட்டார். எரிச்சல் என்று அதையும் அந்தப் பட்டியலில் எழுதினார்.

பத்தாம் நாள் சிஸ்டருக்குக் காய்ச்சல். நான்கு நாள் வரமுடியாது என்று சொல்லி அனுப்பினாள். அவளை அனுப்பிய நிறுவனத்தில் மாற்று ஆள் இல்லை. அம்புக்குறி கல்லூரிக்கு விடுப்புச் சொல்லிவிட்டுத் தானே ஊட்டினார், தானே துணி மாற்றினார். இடுப்பு வலியில் குனிந்து பின்பக்கம் பார்க்க முடியவில்லை. ஈரத்தைக் கையால் துடைத்து, காய்ந்த துணியைச் செருகினார். மிச்ச நேரத்தில் அலமாரியை அடித்து முடித்தார். அது நேராகவும் உறுதியாகவும் வந்திருந்தது.

பதினான்காம் நாள் காலை சிஸ்டர் வந்தாள். கதவைத் திறந்ததுமே வாடை சொல்லிவிட்டது. செருப்பைக் கழற்றிவிட்டு நேரே கையுறையைப் போட்டுக்கொண்டு திரைக்குள் போனாள். தோல் கிழிந்து, பாட்டில் மூடி அளவுக்குக் குழி விழுந்திருந்தது. ஓரமெல்லாம் கறுப்பு. நோயாளியின் உடம்பு கொதித்தது. அவள் கத்தவில்லை. உப்புநீரால் கழுவி, பஞ்சுத்துணி வைத்து மூடி, ஆம்புலன்சுக்குப் போன் செய்து, மாற்று உடுப்பும் மருந்துச் சீட்டும் ஒரு பையில் எடுத்து வைத்தாள். அம்புக்குறி அந்த நேரம் முழுக்கப் போர்டுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார்.

"ஆஸ்பத்திரியில கேப்பாங்க சார், எத்தனை நாளாச்சுன்னு" என்றாள் அவள். "உங்க போர்டுல தேதி இருக்கு. பார்த்துச் சொல்லுங்க."

டாக்டர் கேட்டார். அவர் தேதியைச் சரியாகச் சொன்னார். பத்து நாள் முன்னாலேயே பார்த்தீர்களா என்று டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். ஆமாம் என்றார். டாக்டர் எழுதிக்கொண்டார். செத்த சதையை இரண்டு தடவை வெட்டி எடுத்தார்கள். மூன்று வாரம் வார்டில் கிடந்தார் மனைவி. உயிருக்கு ஆபத்து என்று இரண்டு நாள் சொன்னார்கள், பிறகு சொல்லவில்லை.

மகள் வந்தாள். தன்னோடு சண்டை போடுவாள் என்று அம்புக்குறி எதிர்பார்த்தார். போட்டிருந்தால் அவருக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். அவள் கட்டிலுக்கு இந்தப் பக்கம், அவர் அந்தப் பக்கம். மகள் அம்மாவின் இடது கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"இங்கிருந்து வீட்டுக்குப் போறியாம்மா, இல்ல வேற இடம் பார்க்கட்டுமா? நீ சொல்லு."

இத்தனை நாளில் அந்தக் கேள்வியை மனைவியிடம் யாரும் கேட்டது அதுதான் முதல் தடவை. சிவப்புப் புத்தகமும் நீலப் புத்தகமும் வைத்து நடந்த ஆய்வில் எங்கேயும் அது இல்லை.

மனைவி கணவரைப் பார்த்தார். கோபமாகப் பார்த்த மாதிரி தெரியவில்லை.

"நீங்க... நல்லா எழுதுறீங்க" என்றார். மூச்சு வாங்கினார். "திருப்ப... மாட்டேங்கிறீங்க." பிறகு மகள் பக்கம் கண்ணைத் திருப்பினார். "வேற இடம்."

மகள் முன்பு பார்த்துவைத்த இல்லத்தில் இடமில்லை. கிடைத்த இடம் ஊருக்கு வெளியே, இரண்டு பஸ் மாறி இரண்டு மணி நேரம். ஆஸ்பத்திரியிலிருந்து நேரே அங்கே கொண்டுபோனார்கள். வீட்டுக்குக் கொண்டுவரவில்லை. இரண்டு ஆள் விரிப்பின் நான்கு முனையையும் பிடித்து ஒரே மூச்சில் தூக்கி வண்டியில் வைத்ததை அவர் பார்த்தார். எட்டு மாதத்துக்கு மேல் அவர் தனியாக இழுத்து இழுத்து நகர்த்தின உடம்பு அது.

அம்புக்குறி துறைத்தலைவரிடம் போய்ப் புத்தகத்தை மாற்ற முடியுமா என்று கேட்டார். ஆறு கல்லூரிக்கும் பிரதிகள் வந்து இறங்கிவிட்டன, என்ன குறை என்று அவர் கேட்டார். ஓர் அத்தியாயம் இல்லை என்றார் இவர்.

"அது தேவையில்லன்னு நீங்கதானே சார் சொன்னீங்க?"

"ஆமா மேடம். நான்தான் சொன்னேன்."

அவருக்கு இவரைப் பார்க்கப் பாவமாக இருந்திருக்க வேண்டும். வேண்டுமானால் நீங்களே தட்டச்சு செய்து தனியாகக் கொடுங்கள், ஆனால் கேள்வி புத்தகத்திலிருந்துதான் வரும் என்றார். இவர் பதினெட்டுப் பக்கம் தட்டச்சு செய்து கொடுத்தார். முதல் வகுப்புக்கு எல்லாரும் இருந்தார்கள். பரீட்சைக்கு வராது என்று தெரிந்ததும் அடுத்த வகுப்பில் பதினொரு பேர். அவர் பதினொரு பேருக்கும் நடத்தினார். மிச்சப் பேர் வெளியே போய் வேலை பார்ப்பார்கள். தொடங்கிவிடு, திருத்திக்கொள்ளலாம் என்று எங்கெங்கோ போய்ச் சொல்வார்கள். வெறும் கடைகளாகவும் கிடங்குகளாகவும் இருந்தால் பரவாயில்லை. ஆஸ்பத்திரிகளும் இருக்கும்.

சிஸ்டர் இப்போது வேறொரு வீட்டுக்குப் போகிறாள். முன்னறைக் கட்டிலை எடுத்துப்போக அவள்தான் வண்டிக்காரரை அனுப்பினாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் இல்லத்துக்குப் போவார். பார்க்கும் நேரம் இரண்டிலிருந்து நான்கு வரை. நான்கடி இடைவெளியில் வரிசையாக ஆறு கட்டில், மனைவியுடையது சுவரோரம். முதல் தடவை போனபோது மனைவி சுவர்ப் பக்கம் ஒருக்களித்துப் படுத்திருந்தார். முதுகுக்குப் பின்னால் தலையணை, முழங்கால்களுக்கு நடுவே இன்னொன்று. தூங்கவில்லை. இவர் குரல் கேட்டதும் இடது கை விரல்களை மட்டும் தூக்கினார். சுவருக்கும் கட்டிலுக்கும் நடுவே நாற்காலி போட இடமில்லை. பணியில் இருந்த பெண் வந்து பார்த்தாள்.

"நாலு மணி வரைக்கும் அந்தப் பக்கம் சார். நீங்க வந்திருக்கீங்க, வேணும்னா இப்பவே திருப்பட்டுமா?"

"வேண்டாம்மா. அந்த நேரத்துக்கே திருப்புங்க."

அவர் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து பேசினார். கூடத்தில் புதிதாக யார் வெட்டுகிறார்கள், மகள் போனில் என்ன சொன்னாள் என்று சொன்னார். மனைவி உம் கொட்டினார்.

கட்டில் தலைமாட்டில் ஓர் அட்டை தொங்கியது. நாள் வாரியாகக் கட்டம், ஒவ்வொரு கட்டத்திலும் நேரம், எந்தப் பக்கம், யார் திருப்பினார்கள் என்று கையெழுத்து. அவர் அதைக் கழற்றி மடியில் வைத்துப் படித்தார். இரவு பத்து, பன்னிரண்டு, இரண்டு, நான்கு, ஆறு. ஒரு கையெழுத்து கோணலாக இருந்தது, தூக்கக் கலக்கத்தில் போட்டது. மற்றொன்று மை தீர்ந்து பென்சிலில் போட்டது. முந்தின நாளுக்கும் திருப்பினார், அதற்கு முந்தின நாளுக்கும் திருப்பினார். ஒரே ஒரு கட்டமாவது காலியாக இருக்காதா என்று விரலை வைத்துத் தேடினார். இல்லை.

நகரத்துக்குத் திரும்பும் கடைசி பஸ் மூன்றே முக்காலுக்கு. அட்டையை மாட்டிவிட்டு, வருகிறேன் என்று அந்த முதுகிடம் சொல்லிவிட்டு எழுந்தார்.